ஐந்து குட்டிகளும் ஒரு மை டப்பாவும்

மலையடிவாரத்தில் ஒற்றை அறைக் குடில் ஒன்றில் சாமி இருந்தார். பெண் துறவி. வயது நாற்பது. அவரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

செங்கமலமும் அப்படித்தான். அவளுக்கு ஐம்பத்திரண்டு. சாமி அவளை அக்கா என்று கூப்பிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"பாசம் வச்சா பயமும் கூடவே வந்துடுது சாமி. பயத்தை மட்டும் கழட்டி வைக்கிறது எப்படி?"

ஒரு வெள்ளிக்கிழமை சாமி மோர் கொடுத்தார். இன்னொரு வெள்ளிக்கிழமை கீரை ஆயச் சொன்னார். பதில் சொன்னதில்லை.

அன்றைக்கு செங்கமலம் உட்காரும் முன்பே அழுதுவிட்டாள்.

"கோகிலா வர மாட்டேன்னுட்டா சாமி."

கோகிலா அவளுடைய ஒரே மகள். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர செங்கமலம் கார் பிடித்துக்கொண்டு போயிருந்தாள்.

"ஏழு வகை சோறு கட்டிட்டுப் போனேன். வண்டி வாசல்ல நிக்குது. 'நான் இங்கயே இருந்துக்கிறேம்மா'ங்கிறா. சம்பந்தியம்மா முன்னாடி என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது? அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போன் பண்றேன்."

"எட்டுத் தடவையும் எடுப்பாளா?"

"ரெண்டு தடவை எடுப்பா."

சாமி பேச்சை மாற்றினார்.

"சிங்காரி எப்படியிருக்கா?"

சிங்காரி, செங்கமலம் வளர்க்கும் செவலை நாய். அதற்கும் அது முதல் சினை.

"வயிறு தரையைத் தொடுது. இன்னைக்கோ நாளைக்கோ."

"அப்போ உங்க வீட்டுலயும் ஒரு தலைப்பிரசவம் இருக்கு. போய் வெந்நீர் வைங்க."

"நாய்க்கு எதுக்கு சாமி வெந்நீர்?"

"நாய்க்கு இல்ல. உங்களுக்கு. ஒரு காப்பி போட்டுக் குடிச்சுட்டு உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் விரித்திருந்த பழைய சேலையில் சிங்காரி ஐந்து குட்டிகள் போட்டது. மூன்று செவலை, ஒன்று கறுப்பு. ஐந்தாவது வெள்ளை. அது மற்றவற்றில் பாதிகூட இல்லை. செங்கமலத்தின் உள்ளங்கையில் அடங்கியது.

அன்று முதல் அவள் அடுப்பைப் பார்த்த நேரம் குறைவு. மூச்சு இருக்கிறதா என்று ஒவ்வொரு குட்டியாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைக்குட்டிக்குப் பால் போதவில்லை என்று மற்றவற்றை விலக்கிவிட்டு அதன் வாயை மடியில் வைத்து அழுத்தினாள். அது தூங்கினால் எழுப்பினாள். அழுதால் தூக்கினாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, அஞ்சும் தங்கக்கட்டி!" என்று சொல்லிப் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கண்மை டப்பாவைத் தேடி எடுத்து ஐந்து குட்டிகளுக்கும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

கறுப்புக்குட்டிக்கும் வைத்தாள்.

சிங்காரி ஐந்து பொட்டுகளையும் நக்கித் துடைத்தது. அவள் மறுபடி வைத்தாள். அது மறுபடி நக்கியது. மை டப்பா அவள் இடுப்பிலேயே குடியேறியது.

ஐந்தாம் நாள் சாமி வந்தார். சமையலறைக்குள் நுழையாமல் நிலைப்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்தார். சிங்காரி வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. சாமி குனிந்து பார்த்தார்.

"அக்கா, இவ நாக்குக்கு யாரு திருஷ்டிப் பொட்டு வச்சது?"

நாக்கு நுனியிலிருந்து பாதிவரை கன்னங்கரேலென்று இருந்தது. சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கமலத்துக்கும் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

"சாமி, அந்த வெள்ளை பிழைக்குமா? ஒரு தடவை கையில எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

"இவ என்னைக் கூப்பிடலையே."

"நான்தானே கூப்பிட்டேன்."

"நீங்க கூப்பிட்டீங்க" என்றார் சாமி. சிங்காரியைப் பார்த்தார். சிங்காரி அவரைப் பார்த்தது. அவர் எழுந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலையில் செங்கமலம் பால் வாங்கப் போய்த் திரும்பினாள். மூலையில் சேலை மட்டும் கிடந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். விறகுக்குள் பார்த்தாள். கிணற்றையும் எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: "வாயில ஒவ்வொண்ணா கவ்விக்கிட்டு மலைப் பக்கம் போச்சு அக்கா. நீ சொல்லித்தான் அனுப்பினயோன்னு நெனச்சேன்."

செருப்பில்லாமல் ஓடினாள்.

குடிலில் சாமி உட்காரும் இடம் ஒன்று உண்டு. ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை, மேலே நாலாய் மடித்த கம்பளி. அதில் சிங்காரி காலை நீட்டிப் படுத்திருந்தது. ஐந்து குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன. சாமி கீழே வெறும் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் பஞ்சநாதம் உள்ளே வந்தார். வழக்கம்போல் கண்ணை மூடிப் பலகையின் முன் விழுந்து கும்பிட்டார். எழுந்து கண்ணைத் திறந்தார்.

"சாமி?"

"இன்னைக்கு அவங்கதான் உக்காந்திருக்காங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க."

"கடிக்குமா?"

"நல்ல கேள்வி. இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்கறீங்க."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேழ்வரகுக் கூழு நான் காய்ச்சினேன். முட்டை நான் வாங்கினேன். பத்து நாளா முதுகு நிமிரல எனக்கு. நீங்க ஒரு வாய் தண்ணி வச்சீங்களா சாமி இவளுக்கு?"

"வைக்கலையே. நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க." சாமி எழுந்து ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார்.

"நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போங்க."

கூடையில் சேலையை விரித்து ஐந்தையும் எடுத்துக்கொண்டு போனாள். சிங்காரி பின்னாலேயே போனது. மதியத்துக்குள் ஐந்தும் பலகைக்குத் திரும்பியிருந்தன. மறுநாளும் எடுத்துப் போனாள். இந்தமுறை தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சிங்காரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும், திரும்பி வரும், அடுத்ததைக் கவ்வும். ஒவ்வொரு நடைக்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

டீக்கடைக்காரர் கேட்டார்: "என்ன செங்கமலம், உன் வீட்டுல வாடகை ஜாஸ்தியா?"

அவள் குடிலுக்குப் போய்ச் சாமியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் என்னை வேண்டாம்னுட்டாளுக சாமி."

"யாரு ரெண்டு பேரு?"

அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு கேட்டாள்.

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

சாமி மொச்சைக் கூடையை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை உரிங்க. பலகைக்கு முதுகைக் காட்டி உக்காந்து உரிங்க."

"முதுகைக் காட்டியா?"

"ஆமா. போனைப் பையோட வாசல் ஆணியில மாட்டிடுங்க. குடிலுக்குள்ள போன் வேண்டாம்."

முதல் நாள் முழுக்க அவள் உரித்தது ஒரு படிகூட இருக்காது. சாயங்காலம் எழுந்தபோது, "கழுத்து வலிக்குது சாமி" என்றாள்.

"ரெண்டு பிடி உரிக்கறதுக்குள்ள எத்தனை தடவை திரும்பினீங்க? வலிக்காம என்ன செய்யும்?"

இரண்டாம் நாள் கொஞ்சம் குறைவாகத் திரும்பினாள். மூன்றாம் நாள் காது வேலை செய்யத் தொடங்கியது. பால் குடிக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. கறுப்புக்குட்டி குறட்டை விட்டது. வெள்ளைக்குட்டியின் குரலை அவளால் பிரித்தறிய முடிந்தது. அது கத்தும், மற்றவை முண்டும், அது இன்னும் பலமாகக் கத்தும். பிறகு சப்புகிற சத்தம் வரும். யாரும் அதை மடியில் வைத்து அழுத்தவில்லை.

"தானா குடிக்குது சாமி" என்றாள், திரும்பாமல்.

"அப்படியா?" என்றார் சாமி.

அந்த நாட்களில் கோகிலாவுக்குக் காலையில் ஒரு போன், வீட்டுக்குப் போன பிறகு ஒரு போன். அதற்குமேல் நேரமில்லை.

ஐந்தாம் நாள் மதியம் முதுகுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். பலகையிலிருந்து ஏதோ விழுந்திருந்தது. சின்னக் குரல் ஒன்று வீறிட்டது. வெள்ளைதான்.

செங்கமலத்தின் கை மொச்சையை நசுக்கியது. சாமியைப் பார்த்தாள். சாமி தன் கையிலிருந்த காயை உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பவில்லை.

அழுகை நின்றது. தரையில் எதுவோ தேய்கிற சத்தம். நின்றது. மறுபடி தேய்ந்தது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு அவள் உள்ளங்காலில் ஈரமாய், சில்லென்று ஒரு மூக்கு பட்டது.

வெள்ளைக்குட்டி அவள் காலைச் சுற்றிவந்து, சேலை மடிப்பில் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறி மடிக்குள் வந்துவிட்டது. அதன் கண்கள் திறந்திருந்தன. நீலமாய், புகை படிந்ததுபோல். வயிறு பந்துபோல் உருண்டிருந்தது.

சிங்காரி எழுந்து வந்தது.  கவ்விக்கொண்டு போய்விடும் என்று செங்கமலம் நினைத்தாள். சிங்காரி குட்டியை முகர்ந்தது. அவள் கையை முகர்ந்தது. பிறகு போய்ப் பலகையில் ஏறி, மற்ற நான்கோடும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அப்போது ஆணியில் தொங்கிய போன் அடித்தது.

"நீங்க அசையாதீங்க" என்றார் சாமி. தானே எழுந்துபோய் எடுத்துவந்து அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா? உடம்பு கிடம்பு சரியில்லையா? நாலு நாளா ஒரு நாளைக்கு ரெண்டே தடவைதான் கூப்பிடறே."

"நல்லாத்தான்டி இருக்கேன். மடியில குட்டி தூங்குது. மெதுவாப் பேசு."

அந்தப் பக்கம் கோகிலா சிரித்தாள். 

"நீ ஒண்ணுமே கேக்கலையேம்மா."

சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மாடிப்படி ஏறினியா, கால் வீங்கியிருக்கா. எல்லாம் செங்கமலத்தின் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. மடியில் குட்டி கனவில் காலை உதைத்தது.

"நீ சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

கோகிலா சொன்னாள். நிறையச் சொன்னாள். வயிற்றுப்பிள்ளை சாயங்காலமானால் உதைப்பதைச் சொன்னாள். மாமியார் வைத்த ரசத்தில் உப்பில்லை என்பதைச் சொன்னாள். பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். செங்கமலம் "ம்" என்றாள். போனைப் பிடித்திருந்த சாமிக்குக் கை வலித்தது. கை மாற்றிக்கொண்டார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை அங்க வந்துடட்டுமா? அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

"வா" என்றாள் செங்கமலம்.

போன் அணைந்தபிறகும் அவள் அசையவில்லை. கண்ணீர் மோவாயிலிருந்து குட்டியின் தலையில் சொட்டியது. அது நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது.

"கேட்டீங்களா சாமி? வர்றாளாம்."

"கேட்டேன்."

"அவ வீட்டுக்குள்ள வர்றப்போ தெருவே பாக்கும். இது வேற இப்படிக் கொழுகொழுன்னு இருக்கு. எல்லாம் நல்லா நடக்கும்போதுதான் எனக்கு இன்னும் படபடன்னு வருது." அவள் கை மெல்ல இடுப்புக்குப் போயிற்று. மை டப்பாவை வெளியே எடுத்தது. "ஒரே ஒரு பொட்டு சாமி. ரொம்பச் சின்னதா. வச்சுக்கட்டுமா?"

சாமி டப்பாவை வாங்கித் திறந்து, அவளிடமே நீட்டினார்.

"குட்டிக்கு வச்சா அதோட அம்மா நக்கிடுவா. உங்க கன்னத்துல வச்சுக்குங்கக்கா. அங்கதான் நிக்கும்."