இலந்தை மரத்தின் சிவப்புக் கோடு

அந்தக் காலத்தில் மரமும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். மேட்டுக்கரை ஏரியோரத்தில் ஓர் இலந்தை மரம் நின்றது. உடம்பெல்லாம் முள். உள்ளே இழை கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும். வெட்டி வெயிலில் போட்டால் பட்டென்று வெடிக்கும். தச்சர் யாரும் அதன் பக்கம் போனதில்லை.

ஒரு கோடையில் அரக்குப் பூச்சிகள் கூட்டமாக அந்த ஊருக்கு வந்தன. எள்ளை விடச் சிறியவை, சிவப்பு நிறம். ஒரு கிளையில் உட்கார்ந்தால் பிசினைக் கக்கி, அதையே வீடாக்கிக்கொள்ளும். வேம்பு அவற்றை உதறியது. "ஒட்டிக்கொண்டு என் அழகைக் கெடுக்காதீர்கள்" என்றது பூவரசு. கடைசியாக இலந்தையிடம் வந்தன.

"இருந்துகொள்ளுங்கள்" என்றது இலந்தை. "எனக்கென்ன, கெடுவதற்கு ஓர் அழகா இருக்கிறது?"

அந்த மாதமே ஏரி மதகு இடிந்தது. மதகைக் கட்டச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். ஊர்த்தலைவர் காளியண்ணன் கோடரிக்காரர்களோடு ஏரிக்கரைக்கு வந்தார். இலந்தை கலங்கிப்போனது.

"ஐயா, நான் விறகுக்கு மட்டும்தான் ஆவேனா?"

"வேறெதுக்கு ஆவாய்? மதகு முடிவதற்குள் வயல்களின் தண்ணீர்ப் பங்கைக் காகிதத்தில் எழுத வேண்டும். பழைய எழுதுகோல் முறிந்து கிடக்கிறது. யாரையாவது உன் மரத்தில் ஒரு எழுதுகோல் கடைந்து காட்டச் சொல், பார்க்கலாம். அடுத்த பௌர்ணமி வரைக்கும் தவணை. விரிசல் விட்டால் காளவாய்தான்."

ஊரில் கடைசல் வேலை செய்தவர் வெள்ளியங்கிரி. அவர் மனைவி நாகாத்தாள் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பாள், மரம் சுழலும், அவர் உளியை வைத்துக் கடைவார். செய்தி கேட்டதும் அவர் கையை விரித்தார்.

"இலந்தையிலயா? அது உளியைக் கடிக்கிற மரம், நாகா."

"பஞ்சத்துல ரெண்டு வருசம் நம்ம புள்ளைங்க அந்தப் பழத்தைத் தின்னுதானுங்க உசிரோட இருந்துச்சு" என்றாள் நாகாத்தாள். அவர் எழுந்து உளியை எடுத்தார்.

மரம் தானாகவே மூன்று கிளைகளைக் கொடுத்தது. முதல் கிளையை வெயிலில் காயவைத்தார்கள். மறுநாளே நடுவில் பிளந்துவிட்டது. இரண்டாவதை ஈரத்தோடு கடைந்தார்கள். முறுக்கிய இழையில் உளி மாட்ட, கட்டை தெறித்து வெள்ளியங்கிரியின் நெற்றியைக் கிழித்தது. நாகாத்தாள் மஞ்சளை வைத்துக் கட்டினாள்.

மூன்றாவதை நெல் உமிக்குள் புதைத்து நிழலில் வைத்தார்கள். இருபது நாள் யாரும் தொடவில்லை. பிறகு வெள்ளியங்கிரி உளியைத் தீட்டித் தீட்டி, வெங்காயத் தோல் போல மெல்லிசாகச் சீவினார். தேன் நிறத்தில், அலை அலையாக இழை தெரிந்தது. இப்படி ஒரு மரத்தை அவர் கடைந்ததே இல்லை. முனையில் நாணல் கூர் செருகுவதற்குத் துளை போட்டார். கடைசிச் சுற்றில் மெல்லிய சத்தம் கேட்டது. துளை வாயிலிருந்து மயிர் போல ஒரு விரிசல் ஓடியது.

விடிந்தால் பௌர்ணமி. நாகாத்தாள் ஏரிக்கரைக்குப் போனாள். விரிசல் விட்ட எழுதுகோலை மரத்திடம் காட்டினாள்.

"போதும் தாயி" என்றது இலந்தை. "அவர் நெற்றிக் காயம் ஆறிவிட்டதா?"

நாகாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது கிளையிலிருந்து பொடிப் பொடியாகக் குரல்கள் கேட்டன.

"அக்கா, எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் போன வாரமே மேல் கிளைக்கு ஏறிவிட்டன. இந்த வீடு காலிதான். சூடு பட்டால் உருகும், ஆறினால் இறுகும். தண்ணீர் புகாது."

அவள் அந்த அரக்குக் குச்சியை ஒடித்துக்கொண்டு ஓடினாள். "நீங்க கயிறு இழுங்க, நான் வைக்கறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அதுவரை உட்காராத இடத்தில் உட்கார்ந்தாள். எழுதுகோல் சுழன்றது. அரக்கை அதன் மேல் அழுத்தினாள். உரசிய சூட்டில் அரக்கு உருகி விரிசலுக்குள் இறங்கியது. கை சுட்டும் அவள் எடுக்கவில்லை. பிறகு காய்ந்த பனையோலையை வைத்துத் தேய்த்தாள். எழுதுகோல் பளபளத்தது. விரிசல் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு நின்றது.

மறுநாள் ஏரிக்கரையில் ஊர் கூடியது. கோடரிக்காரர்கள் மரத்தடியிலேயே நின்றார்கள். காளியண்ணன் எழுதுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. விரிசல் இல்லையே?"

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்தார். நாகாத்தாள்தான் சொன்னாள்: "இருக்குதுங்க. அந்தச் சிவப்புக் கோடுதானுங்க விரிசல். அரக்கு வச்சு மூடியிருக்கறோம்."

காளியண்ணன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, எழுதுகோலை அதற்குள் போட்டார். பழைய கணக்கிலிருந்து தண்ணீர்ப் பங்கு முழுவதையும் வாசித்து முடிக்கும் வரை அது உள்ளேயே கிடந்தது. எடுத்துத் துடைத்தார். கோட்டை நகத்தால் சுரண்டினார். அசையவில்லை. நாணல் கூரைச் செருகி, மையில் தொட்டு, முதல் வரியை எழுதினார். அடுத்த வரியையும் எழுதினார். நிமிரவே இல்லை. பங்கு முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"மறைக்காமல் சொன்னாயே, அம்மா. விரிசல் இருந்தால் இருக்கட்டும். எழுதுகிறதல்லவா? கோடரியைக் கீழே போடுங்கப்பா. விறகுக்குக் காட்டில் பட்ட மரம் கிடக்கிறது."

இலந்தை விட்ட பெருமூச்சில் கிளைகள் எல்லாம் குலுங்கிப் பழங்கள் பொலபொலவென்று கொட்டின. கோடரிக்காரர்களே முதலில் பொறுக்கித் தின்றார்கள். வெள்ளியங்கிரி மனைவியின் சுட்ட விரல்களைக் குளிர்ந்த ஏரி நீரில் பிடித்து வைத்திருந்தார். இருவருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

இலந்தைக் கிளையில் அரக்குப் பூச்சி உரிமையோடு குடியிருப்பதும், எந்த மரத்தைக் கடைந்தாலும் கடைசியில் அரக்கை ஒற்றி ஓலையால் தேய்ப்பதும் அன்று முதல்தான் வழக்கமாயின.