பஞ்சத்தில் யாரும் சாகவில்லை

ஆசிரியை மாதேவிக்குச் சீடர்கள் பலர். முதல் சீடன், அவரைச் சிறைக்குக் கூட்டிப்போன காவலன் பொறையன்.

குன்றநாட்டில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. பாதி ஊர்கள் காலியாயின. மறுபடி மழை பெய்ததும் அரசன் முரசறைவித்தான்: "என் ஆட்சியில் பஞ்சத்தால் யாரும் சாகவில்லை. செத்தார்கள் என்று சொல்பவர் ராஜத் துரோகி."

பள்ளிகளிலும் அதுவே பாடமானது.

மாதேவி பாடத்தை வாசித்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "உங்கள் வீட்டில் யார் யார் இல்லை?" என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து பெயர் சொன்னது. பள்ளி விடும் நேரமாகியும் முடியவில்லை.

மறுநாளே அவரைச் சபையில் நிறுத்தினார்கள். பொறையன் வாசலில் காவல் நின்றான்.

அரசன் கோபப்படவில்லை. "யாரும் சாகவில்லை என்று ஒரு வார்த்தை சொல். வீட்டுக்குப் போகலாம்."

"என் பள்ளியில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, அரசே. அந்தப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். சொல்கிறேன்."

சபையில் யாரோ விம்மினார்கள். ஆயுள் முழுக்க உப்பளச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

அவரைக் கொண்டுபோய் விடும் வேலை பொறையனுக்கு வாய்த்தது. வழியில் ஓர் ஆற்றங்கரையில், தண்ணீர் குடிக்க அவர் கைவிலங்கைக் கழற்றினான். மறுபடி பூட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேள் தம்பி."

"நீங்கள் இவ்வளவு துணிந்தும் என்ன ஆயிற்று? அரசர் சிம்மாசனத்தில்தான் இருக்கிறார். முரசும் ஊர் ஊராக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது."

மாதேவி கரையேறிச் சாலையில் நடந்தார். பிறகு கேட்டார்:

"உன் வீட்டில் யார் இல்லை?"

பொறையன் திரும்பிப் பார்த்தான். சாலையில் ஆளில்லை.

"என் தங்கை. பூவாயி."

"எப்படி இருப்பாள்?"

"முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்." அவன் நடையை நிறுத்தினான். "கடைசியில் மண்ணைத் தின்றாள் அம்மா. அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதான். மாதேவியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூட."

மாதேவி எழுந்து நடக்கத் தொடங்கினார்.

"அம்மா, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே?"

"அந்த முரசு அடித்தால் இனி உனக்கு யார் ஞாபகம் வரும், தம்பி?"