இரண்டு பூப் பொட்டலம்

"சாமி, பூக்கட்டிப் பார்க்கணும்," என்றாள் செண்பகவடிவு.

மடத்துச் சாமி அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு வடிவம்மா?"

"எனக்குக் கல்லீரல்ல வந்த புற்று நுரையீரலுக்கும் போயிருச்சாம். அறுத்து எடுக்க வழியில்லையாம். மூணு வாரத்துக்கு ஒருக்க டிரிப்ஸ்ல மருந்து ஏத்தலாம், அது ஒத்துக்கலைன்னா தினம் மாத்திரை இருக்குங்கிறாங்க டாக்டரம்மா. அடியோட போகாது. ஆனா சிலருக்கு நல்லாவே கட்டுப்படுமாம்."

"வேண்டாம்னா?"

"வீட்டுல இருந்துக்கிட்டு வலிக்கு மட்டும் வைத்தியம். எதுன்னு இன்னைக்குச் சொல்லியாகணும்."

"உங்களுக்கு எது வேணும்?"

ஆசையை விடு, ஆசையை விடு என்று இந்த மனுஷர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லச் சொல்லத் தலையாட்டியவள் வடிவு. இப்போது எந்த முகத்தோடு சொல்வாள், பாவம்.

மடியிலிருந்து இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை எடுத்து மடத்து அம்மன் காலடியில் வைத்தாள். வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தது.

"சிவப்புன்னா மருந்து ஏத்திக்கிறேன். வெள்ளைன்னா வீட்டோட இருந்துக்கிறேன். நீங்களே எடுங்க சாமி."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

"அம்மன் உத்தரவு கொடுத்துட்டா," என்றாள் வடிவு. சொன்ன வேகத்தில் மற்றப் பொட்டலத்தின் மேல் கையை வைத்தாள்.

சாமி அதைக் கேட்டு வாங்கினார். பிரித்தார்.

அதிலும் சிவப்பு அரளிதான்.

"அம்மனுக்கே அல்வாவா, வடிவம்மா?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள். பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் சாமி. ஒண்ணும் மண்டையில ஏறலை."

சாமி அவளை அழவிட்டார். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தார். அப்புறம் செல்போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"டாக்டரம்மாகிட்டப் பேசுங்க. அம்மன் சொன்னான்னு சொல்லக் கூடாது. சாமி சொன்னார்னும் சொல்லக் கூடாது."

"பின்னே யாரு சொன்னதாச் சொல்ல?"

அவர் கீரையை அலசப் போய்விட்டார்.

வடிவு எண்ணைப் போட்டாள். மறுமுனையில் எடுத்தார்கள்.

"டாக்டரம்மா, செண்பகவடிவு பேசுறேன்." கனைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் உயிரோட இருக்கணும்னு ஆசை. என்னைக்கு வரட்டும்?"