ராணி கேட்ட நூல்

ஏழு கடலுக்கு மேற்கே ஒரு குளிர்தேசம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்கு வாளைவிட வாய்ருசி பெரிது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அரண்மனைத் தோட்டத்தில் ஒரு காட்டு முள்ளிப் புதர். குட்டிக் கருமணிகளைக் கொத்தாக ஒட்டிவைத்தது போல அதன் பழம். முள்ளோ பூனை நகம் போல வளைந்தது. உள்ளே போகிறவரைப் போகவிட்டு, திரும்பும்போது பிடித்துக்கொள்ளும்.

"என் பிறந்தநாள் வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது" என்று ராஜா சுற்றிலும் கயிறு கட்டிவைத்தார். தோட்டத்துச் சாவி மூன்றே பேரிடம்: சமையல்காரி மார்த்தா, காவல்காரன் யோனாஸ், அமைச்சர் பெர்னார்ட்.

பிறந்தநாளன்று பார்த்தால், புதரின் உள்பக்கத்தில் ஒரு பழம்கூட இல்லை!

மூவரும் கயிற்றைத் தாண்டவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"இவள் விரலைப் பாருங்கள் மகாராஜா, ஒரே கருஞ்சிவப்பு!" என்றார் அமைச்சர்.

"ஐயோ, பீட்ரூட் நறுக்கினேன் சாமி!" என்றாள் மார்த்தா. யார் கேட்டார்கள்? பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டே போ என்றார் ராஜா. மலையைத் தாண்டினால்தான் அடுத்த ஊர்.

அப்போது ராணி ஒரு துணியோடு வந்தாள். "கொஞ்சம் பொறுங்கள். இந்தப் புதரைத் துணியில் பூவேலை செய்யப்போகிறேன். என்ன நிற நூல் வாங்கட்டும்? மூவரும் சொல்லுங்கள். பூவுக்கு?"

"இளஞ்சிவப்பு" என்றார்கள் மூவரும்.

"பழத்துக்கு?"

"முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு."

"இலைக்கு?"

"பச்சைதானேம்மா" என்றாள் மார்த்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பச்சைதான்" என்றான் யோனாஸ்.

அமைச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூளை இருந்தால்தானே! மேல்பக்கம்தான் பச்சை, மகாராணி. அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெளேர். வெள்ளை நூலும் வாங்குங்கள்!"

"அப்படியா? கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் எனக்கும் பச்சைதான் தெரிகிறது. நீங்கள் எங்கே படுத்துக்கொண்டு பார்த்தீர்கள், அமைச்சரே?"

அமைச்சர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். யோனாஸ் அவரைப் பிடித்துத் திருப்பினான். அங்கியின் முதுகெல்லாம் முள் கிழித்த கிழிசல்!

"அடப்பாவி, எனக்கு ஒரு கொத்தாவது வைத்திருக்கக் கூடாதா?" என்று ராஜா அழாத குறை.

புதரின் உச்சியில் மிஞ்சிய பழங்களை அமைச்சரே பறித்து மார்த்தாவிடம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. முள் குத்தக் குத்த, ஒவ்வொரு பழத்துக்கும் அவரிடமிருந்து ஒரு 'ஆ!' கேட்டது. மார்த்தா அதில் பணியாரம் சுட்டாள். முதல் பணியாரத்தை ராஜா கையை நீட்டிக் கேட்டார். அவளோ ஊதி ஊதித் தானே தின்றாள், ராணி சிரித்தாள்.

ஆகவே குழந்தைகளே, தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவன், தான் மறைத்ததையும் சேர்த்தே சொல்லிவிடுவான்.