மேசையில் அடித்த மணி

மூன்று பேர் ஒரு பரிசுக்கு அடித்துக்கொள்ளும் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இங்கே போட்டி ஒரு பழிக்கு. இருவர் தமக்கே வேண்டும் என்கிறார்கள். மூன்றாமவள் வாயே திறக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை மாடியில் செல்போன் செயலிகள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி ராஜசிங். புரோகிராம் எழுதுபவன் சுபின். எழுதியதைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போடுபவள் பெனிட்டா. அவள் கடற்கரைக்காரி, அண்ணன் ததேயு பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன்.

ஆடி மாதம் மீனவர் சங்கம் ஒன்று வந்து கேட்டது. கரையிலிருந்து சிக்னல் எட்டும் தூரத்தில் படகுகள் நிற்கும்போது காற்று எச்சரிக்கை வந்தால், எஞ்சின் இரைச்சலையும் மீறிப் போன் அலற வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வேண்டும். ஐப்பசிக் காற்றுக்கு முன்னால் வேண்டும்.

எந்த வழியில் செய்வது என்பதில்தான் முதலாளிக்கும் சுபினுக்கும் முட்டிக்கொண்டது.

"ரெண்டு போனுக்கும் தனித்தனியா எழுதுவோம் சார். ஒரே புரோகிராம எழுதி ரெண்டுலயும் ஓட்டுற பிரேம்வொர்க்னா, போனுக்கும் நமக்கும் நடுவுல ஒரு தரகன் நிக்கான். ஆபத்து நேரத்துல அவன் கைவிட்டுருவான்."

"தனித்தனியா எழுதினா எப்ப முடியும்?"

"கார்த்திகை கடைசி."

"காத்து அதுவர காத்துக் கிடக்குமா டே?"

சுபின் ரோஷக்காரன். நான்கே நாளில், மணியடிக்கும் பகுதியை மட்டும் ஆண்ட்ராய்டுக்குத் தனியாக எழுதி எடுத்துவந்தான். அவனுடையது ஒரு போனில், முதலாளி சொன்னபடி ஒரே புரோகிராமாக எழுதியது இன்னொரு போனில். இரண்டும் பெனிட்டாவின் மேசைக்குப் போயின. கம்ப்யூட்டரிலிருந்து நீளும் வயர்களில் அந்தப் போன்கள் எந்நேரமும் மாட்டிக் கிடக்கும். எழுதியது அந்த வயர் வழியாகத்தான் போனுக்குள் இறங்கும். சார்ஜும் அதே வயரில் ஏறும். அந்தத் தொழிலில் எல்லா மேசையும் அப்படித்தான்.

பன்னிரண்டு நாள், நூற்றிருபது தடவை பொய் எச்சரிக்கை அனுப்பினாள். இரண்டு போனும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சுபினின் சுருதி இறங்கியது. "சரி சார், உங்க வழியே போவோம்" என்றான். பெனிட்டா கையெழுத்துப் போட்டாள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அண்ணன் போனில் அவளே அந்தச் செயலியை ஏற்றிக்கொடுத்தாள். சார்ஜ் பதினொரு சதவீதம் காட்டியது.

"உனக்கு எப்பமும் செவப்புக் கோடுதானா அண்ணே?"

"படகுல என்ன கரண்டுக் கம்பியா ட்டி போவுது? சார்ஜ மிச்சம் புடிக்க ஒரு பட்டன் உண்டுல்லா, அத அமுக்கி வச்சிருவேன். கரையப் புடிக்கும்ப வீட்டுல ஒனக்க மைனிக்கு ஒரு போன் போடச் சார்ஜு கிடக்கும்." போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டான். "இது அடிக்குமாட்டி? ஒருக்கா பாப்பமா?"

"ஆபீசுல நூத்தி இருவது தடவ அடிச்சிருக்கு. பேசாமப் போ."

சிரித்துக்கொண்டே போனான்.

ஐப்பசி பதினாலாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு நிஜ எச்சரிக்கை வந்தது. மேசையில் இருந்த இரண்டு போனும் அலறின. பெனிட்டா காதாரக் கேட்டாள். அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டாள். மணி போனது; அந்தச் சின்ன மணி எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடலில், எஞ்சின் பேட்டரியில் போனைச் செருகி வைத்திருந்த இரண்டு படகுகளில் எச்சரிக்கை அலறியது. அவை திரும்புவதைப் பார்த்துப் பக்கத்துப் படகுகளும் திரும்பின. ததேயு தனியாக, மேற்கே தள்ளி நின்றிருந்தான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்து பெனிட்டா ஆபீசுக்கு வந்தபோது ராஜசிங் உடைந்துபோனார். "நான்தான் கொன்னேன். அவசரப்பட்டு அந்த வழிய எடுத்தது நான்." சுபின் விடவில்லை. "இல்ல சார். தரகன் கைவிடுவான்னு தெரிஞ்சும் கடைசிவர சண்ட போடாம விட்டவன் நான்." பெனிட்டா இருவரையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த போன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லுங்கள்: வழியைத் தேர்ந்தெடுத்தவரா, அடங்கிப்போனவனா, வாய் திறக்காதவளா? பழி யாருக்கு?

விடை: பெனிட்டா இரண்டு போன்களையும் வயரிலிருந்து உருவினாள். சிவப்புக் கோடு வரும்வரை காத்திருந்து, அண்ணன் அமுக்கும் பட்டனை அமுக்கி, எச்சரிக்கை அனுப்பினாள். இரண்டுமே ஊமையாகக் கிடந்தன. சுபின் தனியாக எழுதியதும்தான். சார்ஜை மிச்சம் பிடிக்கும் போன், பின்னால் ஓடும் செயலியைத் தூங்கவைத்துவிடும்; வயரில் செருகினால்தான் அது விழிக்கும். அது எந்த வழியில் எழுதியது என்று பார்க்காது. இதைத் தூங்கவைக்காதே என்று முதல் நாளே அனுமதி வாங்கியிருந்தால் போதும், எந்த வழியிலும் வாங்கியிருக்கலாம். ஆகவே ஆண்கள் இருவரின் வழக்கும் தள்ளுபடி. படகில் போன் எப்படிக் கிடக்கும் என்று அந்த மாடியில் தெரிந்தவள் ஒருத்திதான். வயரை ஒரு தடவைகூட உருவிப் பார்க்காதவளும் அவள்தான். அவள் வயர்களைத் திரும்பச் செருகினாள். இரண்டு போனும் ஒருசேர அலறின. அவள் கை நீட்டி அவற்றை நிறுத்தவில்லை.