மலிந்துபோன ‘தீரன்’ பட்டம்

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! வெகு காலத்துக்கு முன்பு, ஆம்பலூரை நன்மாறன் என்றோர் அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் பட்டம் கொடுப்பதில் அவனுக்குத் தீராத ஆசை.

அந்தப்புரத்தில் எலி பிடித்த மல்லய்யனுக்குத் ‘தீரன்’ பட்டம். நூறு பச்சைமிளகாயைக் கண்ணீர் விடாமல் தின்ற கொற்றனுக்கும் ‘தீரன்’ பட்டம். அரசன் எழுதிய பாட்டைக் கொட்டாவி விடாமல் முழுதும் கேட்ட இளம்பூதிக்கும் அதே பட்டம்! இப்படியே தெருவுக்குப் பத்துத் தீரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. பெரிய ஏரி தளும்பியது, கரை கசிந்தது. மதகைத் திறந்தால் ஊர் பிழைக்கும். ஆனால் அடைப்புக்கட்டையோ நீருக்கடியில். அதை உருவும்போது வெள்ளம் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

“தீரர்களே, வாருங்கள்!” என்று அரசன் கூவினான்.

மல்லய்யனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கொற்றனுக்கு வயிறு சரியில்லை. இளம்பூதியைக் காணவே இல்லை.

அப்போது அல்லிக்கிழங்கு பறித்து விற்கும் செம்பி முன்னே வந்தாள். பல்லியைக் கண்டாலே அலறுவாள் என்று ஊரே கேலி செய்யும் பெண் அவள்.

“என் இடுப்பில் கயிற்றைக் கட்டுங்கள். இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அண்ணன்மாரே” என்றாள். அவள் பற்கள் கிடுகிடுத்தன.

முதல் முறை மூழ்கினாள், கட்டை அசையவில்லை. இரண்டாம் முறை மூழ்கினாள், அசைந்தது, வரவில்லை. மூன்றாம் முறை மூழ்கியவள் வெகுநேரம் எழவில்லை. திடீரென்று மதகு வழியே தண்ணீர் சீறிப் பாய்ந்தது! கயிற்றை இழுத்தார்கள். இருமிக்கொண்டே வெளியே வந்தாள் செம்பி.

“உனக்குப் பயமே இல்லையா, அம்மா?” என்று கேட்டான் அரசன்.

“பயமில்லாமலா, அரசே? மூன்று முறையும் உயிர் போய்த்தான் வந்தது. கரை உடைந்தால் கீழே முந்நூறு வீடுகள் போய்விடுமே!”

அரசன் தலைகுனிந்தான். “இத்தனை நாளும் அந்தச் சொல்லை நான் பொருள் தெரியாமல் வாரி இறைத்துவிட்டேன்” என்றான். அன்றே பழைய பட்டங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றான். செம்பிக்கு அவன் பட்டம் சூட்டவில்லை. சூட்டத் தேவையும் இருக்கவில்லை. அதற்குள் முந்நூறு வீட்டாரும் அவளைத் ‘தீரமகள்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: தீரம் என்பது பயமின்மை அல்ல, பயந்து நடுங்கியபோதும் பிறருக்காகச் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பதே.