பாதிப் பங்குச் சாலை

ஒரு காட்டில், மலைக்கும் ஓடைக்கும் நடுவே, கரிசல்மேடு என்று ஒரு சிற்றூர் இருந்தது. பெயரில்தான் மேடு. மழை பெய்தால் ஊரே சேறு.

அந்த ஊருக்குக் கருப்பாயி என்ற எருமை தலைவியாக இருந்தது. பொறுமைக்குப் பெயர் போன எருமை. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா, குழந்தைகளே? இந்தக் கதை நடந்த காலத்தில், கருப்பாயி அந்த எல்லைக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தது.

காரணம் ஊரின் வண்டிப்பாதை.

கரிசல்மேட்டில் யானை ஒன்று கரும்பாலை வைத்திருந்தது. ஊரே அந்த ஆலையை நம்பித்தான் பிழைத்தது. குரங்குகள் கரும்பு வெட்டின. நரி வியாபாரிகளிடம் விலை பேசியது. மயில் ஆலை வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றது. அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். காய்ச்சி வார்த்த வெல்லத்தை வண்டியில் ஏற்றினால், அதைக் காட்டின் பெருஞ்சாலைவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது கருப்பாயியின் வேலை.

ஊருக்கும் பெருஞ்சாலைக்கும் நடுவில் இருந்தது வெறும் கரிசல் மண். தூறல் விழுந்தால் போதும், சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். வெல்லம் நனையும். கருப்பாயியின் கழுத்துத் தோல் உரியும்.

“உங்கள் வெல்லம் தேன்தான். ஆனால் எப்போது வரும் என்று தெரியாத வெல்லத்தை எப்படி வாங்குவது?” என்று வெளிக்காட்டு வியாபாரிகள் கேட்டார்கள்.

கருப்பாயி சிங்க அரசரின் அரண்மனைக்கு நடையாய் நடந்தது. போகும்போதெல்லாம் “பார்க்கலாம்” என்றார்கள். பார்த்துப் பார்த்து அரண்மனையின் கண்தான் வலித்திருக்கும், பாதை அப்படியே கிடந்தது.

கடைசியில் ஒருநாள் அரண்மனை அதிகாரி கொக்கு பறந்து வந்தது. சேறு படாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஆணையைச் சொன்னது.

“தொழில் நடக்கும் சிற்றூர்களுக்கு அரசர் சாலை அளிக்கிறார். பாதிக் கல் அரண்மனையுடையது. பாதிக் கல் ஊருடையது. முதலில் ஊரின் பங்கு ஓடைக்கரையில் குவிய வேண்டும். அதை நான் பார்த்த பிறகே அரண்மனைப் பங்கு வரும். கோடை முடிவதற்குள் குவியவில்லை என்றால், உங்களுக்கு ஒதுக்கிய கல் வேறு ஊருக்குப் போய்விடும்.”

கருப்பாயிக்கு வால் நுனிவரை மகிழ்ச்சி. அன்றே ஆலை முற்றத்தில் ஊரைக் கூட்டியது.

“மலையடியில் கல் கொட்டிக் கிடக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தால் கோடைக்குள் முடிந்துவிடும். நாளைக்கே தொடங்குவோமா?”

குரங்குகளில் ஒன்று தலையைச் சொறிந்தது.

“அக்கா, நான் மரத்துக்கு மரம் தாவிப் போகிறவன். தரையில் போகிற சாலைக்கு நான் எதற்குக் கல் சுமக்க வேண்டும்?”

“நீ வெட்டுகிற கரும்பு தாவிப் போகாதே, தம்பி!”

“அது ஆலையின் கரும்பு. ஆலை சுமக்கட்டும்.”

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். யானை தும்பிக்கையை உயர்த்தியது.

“நன்றாயிருக்கிறது நியாயம்! ஊருக்கே நான் வேலை கொடுக்கிறேன். அதுவே என் பங்கு ஆகாதா? சாலை ஊருக்கு. ஊர்தான் போட வேண்டும்.”

“அதில் போகப்போவது உங்கள் வெல்லம்தானே, முதலாளி?”

“இழுக்கப்போவது நீதானே? நல்ல சாலை வந்தால் உன் கழுத்துக்குத்தான் சுகம்.”

கருப்பாயி பெருமூச்சு விட்டது. ஓரத்தில் நின்ற மயிலைப் பார்த்தது.

“கல் தூக்கினால் என் தோகை என்ன ஆவது?” என்றது மயில். “திறப்பு விழாவில் ஆடுவதற்கு நான் வேண்டாமா?”

“சாலையைக் காணோம், அதற்குள் திறப்பு விழாவுக்கு ஆட்டம் தயார்!” என்று கருப்பாயி கத்தியது. அதன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று எண்ணி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மறுநாள் முதல் கருப்பாயி மட்டும் கல் இழுத்தது. பகலெல்லாம் வெல்ல வண்டி, பொழுது சாயும்போது கல் வண்டி. குரங்குகள் மரக்கிளையில் உட்கார்ந்து, “பாவம் அக்கா, எவ்வளவு பாடுபடுகிறது!” என்று உருகின. உருகினவே தவிர, ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் குவியல் கருப்பாயியின் முழங்கால் உயரம்கூட வரவில்லை. கொக்கு மறுநாள் வருவதாகச் செய்தி வந்தது. அப்போதுதான் ஊருக்குப் பதற்றம் பிடித்தது. யானைகூட ஓடி வந்து, “இவ்வளவுதான் சேர்ந்ததா? தலைவியாக இருந்து என்னதான் செய்தாய்?” என்று கருப்பாயியையே கேட்டது.

கருப்பாயி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், நரி முன்னே வந்தது.

“எதற்குக் கவலை? ஆலைக்குப் பின்னால் கரும்புச் சக்கை மலைபோல் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து குவிப்போம். மேலே அக்கா சேர்த்த கல்லைப் பரப்புவோம். கொக்கு பார்க்கப்போவது வெளியேதானே?”

“சக்கையின்மேல் சாலை போட முடியுமா? மழையில் நிற்குமா?” என்றது கருப்பாயி.

“அரண்மனைப் பாதிக் கல் வருமே! அது போதும்.”

“நரிக்குத்தான் மூளை!” என்று குரங்குகள் கைதட்டின. கல்லுக்கு அசையாத ஊர், சக்கைக்கு ஓடியது. யானை அள்ளி அள்ளிப் போட்டது. மயில்கூட ஒரு துண்டுச் சக்கையை அலகில் கவ்விக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் ஓடைக்கரையில் ஒரு குன்றே எழுந்துவிட்டது.

காலையில் கொக்கு வந்து குவியலைச் சுற்றி நடந்தது.

“கருப்பாயி, இது உன் ஊரின் பங்குதானா?”

கருப்பாயி திரும்பிப் பார்த்தது. ஊரே கண்ணால் கெஞ்சியது. இந்தப் பாழும் சேற்றில் இன்னொரு மழைக்காலம் வண்டி இழுக்க அதன் கழுத்திலும் தெம்பில்லை.

“ஆமாம், ஐயா.”

“முழுப் பங்கும்?”

“முழுப் பங்கும்.”

சொன்னதும் கருப்பாயிக்கு நாக்கு கசந்தது.

சில நாட்களில் அரண்மனை வண்டிகள் வந்தன. எதிர்க்கரையில் கல்லைக் கொட்டிவிட்டு, நில்லாமல் போய்விட்டன. கருப்பாயி ஆசையோடு போய் அந்தக் குவியலைக் கொம்பால் லேசாகத் தட்டியது. மேலே இருந்த கல் உருண்டது. உள்ளே இருந்து பொலபொலவென்று உதிர்ந்தது, புற்றுமண்!

“நரியே! இங்கே வா!”

நரி வந்து பார்த்தது. பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

“அரண்மனையிலும் என் பங்காளிகள் யாரோ வேலை பார்க்கிறார்கள்போல!”

“சிரிக்காதே! நாளைக்கே அரசரிடம் போய் முறையிடப் போகிறேன்.”

“தாராளமாகப் போ அக்கா. கொக்கு ஐயா வருவார். இந்தக் குவியலைக் கிளறுவார். கிளறிவிட்டு அப்படியே ஓடையைத் தாண்டி நம் குவியலையும் கிளறுவார். அப்போது என்ன சொல்வாய்?”

கருப்பாயி ஓடையில் இறங்கி, கழுத்தளவு நீரில் நெடுநேரம் நின்றது. அப்போதும் உடம்பு கொதித்தது.

வேறு வழியில்லாமல் சாலையைப் போட்டார்கள். அடியில் சக்கையும் புற்றுமண்ணும். மேலே மெல்லிய தோல்போல் கல். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. கொக்கு வந்து பூங்கொடியை அறுத்துத் திறந்துவைத்தது. மயில் மூச்சிரைக்க ஆடியது. ஒருபுறம் அரசரின் ஈகையைக் கொக்கு புகழ, மறுபுறம் ஊரின் ஒற்றுமையை நரி புகழ, கருப்பாயி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றது.

சாலை வந்த செய்தி பரவியது. வியாபாரிகள் மலைச்சந்தைக்கு நிறைய வெல்லம் கேட்டார்கள். யானை ஊரில் இருந்த கரும்பையெல்லாம் பிழிந்து காய்ச்சியது. சந்தைக்கு முந்தின நாள் வண்டி கொள்ளாத அளவுக்குப் பாரம் ஏற்றியது. வானம் கறுத்திருந்தது.

“முதலாளி, இவ்வளவு வேண்டாம். அந்தச் சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்” என்றது கருப்பாயி.

“மேலே கல் இருக்கிறதே! தினமும் பார்த்துப் பார்த்து, அடியில் இருப்பது எனக்கே மறந்துபோய்விட்டது” என்றது யானை. “இழு. நான் பின்னால் தள்ளுகிறேன்.”

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

சக்கை தண்ணீரைக் குடித்து உப்பியது. புற்றுமண் கரைந்து கூழானது. படார் என்று ஒரு சத்தம். வண்டி ஒருபக்கமாகச் சரிந்து, வெல்லம் முழுவதும் சேற்றில் கொட்டியது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த யானை வயிறுவரை புதைந்தது. வண்டியின் பாரம் இழுக்க, கருப்பாயியின் கழுத்தில் நுகக்கயிறு இறுகியது. அதன் கண் பிதுங்கியது.

“ஐயோ, அக்கா!” என்று அலறிக்கொண்டு ஒரு குரங்கு மரத்திலிருந்து குதித்தது. சேற்றில் உருண்டு புரண்டு வந்து, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தது. கருப்பாயி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தது.

“என்னை விட்டுவிடாதீர்கள்!” என்று யானை பிளிறியது. அது அசைய அசைய இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“கல் கொண்டுவாருங்கள்!” என்றது கருப்பாயி. “யானையின் காலடியில் போட வேண்டும். கல், ஓடுங்கள்!”

ஓடினார்கள். கொட்டும் மழையில் மலையடிக்கும் சேற்றுக்கும் இடையே ஊரே ஓடியது. குரங்குகள் தோளில் சுமந்தன. நரி வாயில் கவ்வியது. மயில் தோகை சேற்றில் புரள, காலால் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. போட்ட கல்லையெல்லாம் சேறு விழுங்கிக்கொண்டே இருந்தது. அந்தி சாயும் நேரத்தில்தான் யானையின் கால் கெட்டித் தரையில் பட்டது. அது தள்ளாடிக் கரையேறியது.

அது உயிர் பிழைத்தது. வெல்லம் பிழைக்கவில்லை. மழை விட்டபின், அந்தச் சாலையால் பயன் அடைந்தவை எறும்புகள் மட்டும்தான்.

வியாபாரிகள் வேறு ஊரைப் பார்த்துப் போனார்கள். கருப்பாயி மறுபடியும் அரண்மனைக்கு நடந்தது. வாசலிலேயே கொக்கு நின்றது, அதே ஒற்றைக் காலில்.

“ஐயா, எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும்.”

“அரண்மனைப் பங்கு வந்தது. ஊர்ப் பங்கு வந்தது. சாலை போட்டாயிற்று. போட்ட சாலைக்கு மறுபடியும் பங்கு கிடையாது.”

“போட்ட சாலை எங்கே ஐயா இருக்கிறது?”

“அதை நீங்கள்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்” என்றது கொக்கு.

கருப்பாயியின் ரத்தம் தலைக்கு ஏறியது. ‘உங்கள் பங்கு புற்றுமண்’ என்று சொல்ல வாயெடுத்தது. ஓடைக்கரையில் தான் சொன்ன ‘ஆமாம்’ குறுக்கே வந்து நின்றது. திரும்பி நடந்தது.

ஆலை முற்றத்தில் ஊரே காத்திருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. குரங்குகள் வெட்டக் கரும்பு இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யானையின் வயிற்றில் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“அரண்மனையில் என்ன சொன்னார்கள்?” என்று நரி மெதுவாகக் கேட்டது. எப்போதும் ஒரு யோசனையோடு வரும் நரிக்கு அன்று யோசனை எதுவும் வரவில்லை.

“கிடையாது என்றார்கள்.”

யானை தலையைக் குனிந்துகொண்டது. “அப்படியானால் இப்போது நம் பங்குக்கு எவ்வளவு கல் வேண்டும், கருப்பாயி?”

“பாதி கேட்டபோது ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னீர்கள்” என்றது கருப்பாயி. அதற்குக் கத்தக்கூட மனம் வரவில்லை. “இப்போது முழுவதும்.”

சொல்லிவிட்டு மலையைப் பார்த்து நடந்தது. முதலில் யானை எழுந்து அதன் பின்னால் போனது. பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் ஊரே போனது.

நீதி: தன் பங்கைச் சுமக்காமல் ஏய்த்தவர் தலையில், அடுத்தவர் பங்கும் சேர்ந்தே ஏறும்.